எருமை முன்னால உக்காந்த குடைக்காரன்

ஒரே ஒரு ஊர்ல, ராசாவுக்குக் குடை பிடிக்கிற ஒச்சப்பன்னு ஒருத்தன் இருந்தான். குடை பிடிக்கிறது என்ன பெரிய வேலைன்னு நெனைக்காதீங்க. ராசா நடந்தா குடை நடக்கணும், ராசா நின்னா குடை நிக்கணும், ராசா குனிஞ்சா குடை குனியணும். ஒச்சப்பன் பிடிச்ச குடை மட்டும் அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகும், ராசா ஒரு பக்கம் போவாரு.

ஒருநாள் ராசா கடைவீதியில நடந்து வந்தாரு. வந்தாரா, குடை சாஞ்சு அவர் கிரீடத்துல இடிச்சு, கிரீடம் உருண்டு உருண்டு போயி சாக்கடையில விழுந்துருச்சு. எடுத்துக் கழுவி மாட்டினாலும் தலையெல்லாம் நாத்தம். ராசாவுக்குக் கோவம் வந்துருச்சு. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மொட்டையடிச்சு, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதை மேல ஏத்தி ஊரை விட்டே அனுப்பிருவேன்னுட்டாரு.

ஒச்சப்பன் நடுங்கிக்கிட்டே வீட்டுக்கு வந்தான். பொண்டாட்டி மாயக்கா கம்மங்கஞ்சி கிண்டிக்கிட்டு இருந்தா. அவகிட்ட, எல்லாம் வீசுற காத்துனால வந்த வினைன்னான். அப்புறம், குடைக்காம்பு கோணல்னான். அப்புறம், ராசாவுக்குக் கழுத்து கொஞ்சம் நீளம்னான்.

மாயக்கா எல்லாத்தையும் கேட்டுட்டு, "காத்தை நிறுத்த முடியாது. காம்பு அரமனைக் காம்பு. ராசா கழுத்தை வெட்ட முடியாது. அப்ப மிச்சம் இருக்கிறது யாரு?"ன்னா.

ஒச்சப்பன் ரொம்ப நேரம் யோசிச்சு, "நீயா?"ன்னு கேட்டான்.

அவ கரண்டியை ஓங்கினா. ஓங்கிட்டு, பாவம்னு கீழ வச்சுட்டு, தொழுவத்துல போயி உக்காந்து உங்களை நீங்களே மூணு கேள்வி கேளுங்க, இன்னைக்கு என்ன செஞ்ச, ஏன் செஞ்ச, நாளைக்கு என்ன செய்யப்போற, இதுக்கு நெசமான பதில் வந்தாத்தான் கஞ்சின்னு சொல்லிட்டா.

தொழுவத்துல அவங்க எருமை அசைபோட்டுக்கிட்டு நின்னுச்சு. அதுக்கு எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்தான். "ஒச்சப்பா, இன்னைக்கு என்ன செஞ்ச?" குடையைச் சாய்ச்சேன். "ஏன் செஞ்ச?" காத்துன்னு சொல்ல வாயைத் தொறந்தான். எருமை அவனையே பாத்துச்சு. எருமை பாக்குற பார்வை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும்ல, அதுகிட்டப் பொய் சொல்ல வாய் வரலை. கடைசியில, "அல்வாக் கடையைப் பாத்து வாயப் பொளந்துட்டேன்"னு ஒத்துக்கிட்டான். "நாளைக்கு என்ன செய்யப்போற?" அல்வாக் கடையைப் பாக்க மாட்டேன். பதில் வந்துருச்சு, கஞ்சியும் வந்துருச்சு.

மறுநாள் அல்வாக் கடை வந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கிட்டான். மூடிக்கிட்டு நடந்தானா, தொறந்து பாத்தா ராசா வெயில்ல நிக்கிறாரு, இவன் ஒரு காளைமாட்டுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். அன்னைக்கு எல்லாரும் காளையைப் பாத்துச் சிரிச்ச சிரிப்புல ராசாவும் சிரிச்சுட்டாரு, அதுனால தப்பிச்சான். சாயங்காலம் எருமை முன்னால உக்காந்து, கடையைப் பாக்காம இருக்கிறதுக்குக் கண்ணை மூடணும்னு இல்ல, ராசாவைப் பாத்தாப் போதும்னு கண்டுபிடிச்சான்.

அதுக்கு மறுநாள் ராசாவை மட்டுமே பாத்தான். கண்ணு இமைக்காம பாத்தான். காலுக்கடியில படி இருந்ததைப் பாக்கலை. தொபுக்குன்னு விழுந்தான், ஆனா விழுந்தாலும் கையை மட்டும் தூக்கிக் குடையை நேரா பிடிச்சிருந்தான். சாயங்காலம் எருமைகிட்ட, ஒரு கண்ணு ராசாவுக்கு, ஒரு கண்ணு தரைக்குன்னு முடிவு பண்ணான். முடிவு பண்ணி நடந்து பழகினதுல ரெண்டு நாள் மாறுகண்ணு ஆயிப்போச்சு, அது வேற கதை.

இப்படியே தப்பு பண்ணி, உக்காந்து கேட்டு, திருத்தி, மறுபடி வேற தப்பு பண்ணி, மறுபடி உக்காந்து, அடுத்த பங்குனி வர்றதுக்குள்ள ஒச்சப்பன் குடை பிடிச்சா ராசா மேல ஒரு பொட்டு வெயில் விழாதுன்னு ஆயிருச்சு. ராசாவே அதிசயப்பட்டு, உனக்கு யாருடா குருன்னு கேட்டாரு. எங்க வீட்டு எருமைங்க மகாராசான்னான். சொல்லித் தருமான்னு கேட்டாரு. சொல்லித் தராதுங்க, சும்மா மென்னுக்கிட்டு இருக்கும், நாந்தான் என்னையக் கேட்டுக்குவேன்னு வெவரத்தைச் சொன்னான். ராசாவுக்கு ஆசை வந்து, அவரும் தெனமும் சாயங்காலம் அந்தத் தொழுவத்துக்கு வந்து பட்டு வேட்டியோட உக்கார ஆரம்பிச்சாரு.

அந்த ராசாவுக்குத் திருமேனின்னு ஒரு மந்திரி. ஊர்ல யார் தப்பு பண்ணாலும் மொத ஆளா கண்டுபிடிப்பாரு, தன்கிட்ட மட்டும் தப்பே கெடையாதும்பாரு. குடைக்காரன் பேச்சை ராசா கேக்குறாரேன்னு அவருக்கு வயித்தெரிச்சல். அப்ப ராணிக்கு வளைகாப்பு வந்துச்சு. அண்டா நெறைய அதிரசம் சுட்டு வச்சிருந்தாங்க. விடிஞ்சு பாத்தா அண்டா காலி. ராணி அழுதுட்டாங்க. மந்திரி ஓடியாந்து, ஒச்சப்பன் தின்னதை என் ரெண்டு கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்ணாரு.

ராசா கூப்பிட்டு விட்டாரு. வாசல்ல மொட்டையடிக்கிறவரு கத்தியைத் தீட்டுறாரு, கழுதை வேற தயாரா நிக்குது. ஒச்சப்பன் ரெண்டையும் பாத்தான். பழக்க தோசத்துல அங்கேயே கண்ணை மூடித் தன்னையே கேட்டான். ஒச்சப்பா, நேத்து என்ன செஞ்ச? கஞ்சி குடிச்சேன், சின்ன வெங்காயம் கடிச்சேன், கொஞ்சம் கொறட்டை விட்டேன். அதிரசம்? எங்க தேடியும் இல்ல. கேட்டு முடிச்சதும் நேரா போயி ராசா முன்னால நின்னான்.

"தெனமும் உன் தப்பை நீயே சொல்லுவியே, இதையும் சொல்லிரு"ன்னாரு ராசா.

"மகாராசா, என் தப்பு ஒவ்வொண்ணோட மொகமும் எனக்குத் தெரியும். இது எங்க வீட்டுத் தப்பு இல்லைங்க."

ராசா கோவத்துல தண்டனையைச் சொல்ல வாயெடுத்தாரு, நிறுத்திக்கிட்டாரு. அவருக்கும் பழக்கம் வந்துருச்சுல்ல. நான் கண்ணால பாத்தேனா, இல்ல, அப்ப எதுக்குக் கோவப்படுறேன்னு யோசிச்சாரு. யோசிச்சுட்டு, அரமனையில இருக்கிற அம்புட்டுப் பேரும் எருமை முன்னால உக்காந்து தன் தப்பு ஒண்ணைச் சொல்லணும், சொல்றவரைக்கும் யாருக்கும் சாப்பாடு கெடையாதுன்னு உத்தரவு போட்டாரு.

சமையக்காரர் வந்து, ரசத்துல உப்பை மறந்து அடுப்பைத் திட்டினேன்னாரு. காவக்காரன், நின்னுக்கிட்டே தூங்கினேன்னான். ராசாவே, ராணி பேசும்போது கேக்காம தலையை மட்டும் ஆட்டினேன்னாரு. அதுக்கு ராணி, எனக்கு அப்பவே தெரியும்னாங்க. எல்லாரும் போயி சாப்பிட்டுட்டு, மிச்சம் இருக்கிற மந்திரி என்ன சொல்றாருன்னு பாக்கத் தொழுவத்துக்கே திரும்பி வந்துட்டாங்க.

மந்திரி உக்காந்தாரு. சமையக்காரர் தப்பைச் சொன்னாரு. காவக்காரன் தப்பைச் சொன்னாரு. எருமையோட தப்பைக் கூடச் சொன்னாரு, வாலை ஆட்டுதுன்னு. உங்க தப்பு எங்கன்னு கேட்டா, நான் அளவுக்கு மீறி நல்லவனா இருக்கேன், அதுதான்னாரு. செல்லாதுன்னுட்டாங்க. பொழுது சாஞ்சுச்சு, அரமனையிலிருந்து நெத்திலி மீன்கொழம்பு வாசம் வந்துச்சு. மந்திரிக்கு வயிறு கடமுடாங்குது. கண்ணை மூடி, நெத்தியைச் சுருக்கி, தேடு தேடுன்னு தேடினாரு. தேடிட்டு மொகம் மலர எந்திரிச்சாரு.

"ராசா, கண்டுபிடிச்சுட்டேன். நெசமாவே ஒரு தப்பு பண்ணிருக்கேன். அண்டா அதிரசத்தையும் நின்னு நிதானமா தின்னேன் பாருங்க, கடைசி ரெண்டை மட்டும் அவசரப்பட்டு மெல்லாம முழுங்கிட்டேன். இனிமே மென்னு திம்பேன்."

ராணி எந்திரிச்சே நின்னுட்டாங்க. எருமை கூட அசைபோடுறதை நிறுத்திருச்சு. எல்லாரும் தன்னையே பாக்குறாங்களேன்னு பாத்த பெறகுதான் மந்திரிக்கு, வாயில இருந்து என்ன வந்துச்சுன்னு ஒறைச்சுச்சு.

ராசா கழுதையையும் கத்தியையும் திருப்பி அனுப்பிட்டாரு. ஊர்ல இருக்கிற புள்ளத்தாச்சிப் பொம்பளைங்க அத்தனை பேருக்கும் திருமேனி தன் கையால மாவு இடிச்சு, பாகு காச்சி, அதிரசம் சுட்டுக் குடுக்கணும், ஒரு விள்ளல் கூட வாயில வைக்கக் கூடாதுன்னு தீர்ப்பு. அந்த வருசம் பாத்து ஊர்ல அம்புட்டுப் பேரும் புள்ளத்தாச்சி. பொகையில கண்ணு செவந்து, கையெல்லாம் கொப்புளமாகி, ஒருநாள் சாயங்காலம் மந்திரி தானாவே எருமை முன்னால வந்து உக்காந்தாரு. "நான் தின்னுட்டு ஒச்சப்பன் மேல போட்டேன்"னு மெதுவாச் சொன்னாரு. பக்கத்துல உக்காந்திருந்த ஒச்சப்பன், கேட்டும் கேக்காத மாதிரி கொஞ்சம் நகந்து எடம் விட்டான்.

அவ்வளவுதான் கண்ணுகளா. தெனமும் கொஞ்ச நேரம் தன்னைத் தானே கேட்டுக்கிறவன் நாளுக்கு நாள் தேறுவான், அடுத்தவனையே நோண்டுறவன் ஒருநாள் தானே மாட்டுவான். எருமை இல்லைன்னாலும் பரவாயில்ல, சொவரைப் பாத்துக் கேட்டுக்கலாம். கதை கரையேறிருச்சு, எருமை கண் அசந்துருச்சு, நீங்களும் போர்வைக்குள்ள போங்க.