கரும்பலகையில் நான்காவது பெயர்

"கர்த்தர் எங்கட ஜெபத்தைக் கேக்கேல்லை பாஸ்டர்," என்றார் குணசிங்கம்.

சனாதிபதித் தேர்தல் முடிவு காலையில்தான் வந்திருந்தது. அவருடைய இடது கைச் சின்னவிரலில் மை இன்னும் கறுத்துக் கிடந்தது. அவர் நம்பியிருந்த வேட்பாளர் மூன்றாவதாக வந்திருந்தார்.

குணசிங்கம் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், அறுபத்திரண்டு வயது. பாஸ்டர் யோவேலுக்கு நாற்பதுதான். ஒருகாலத்தில் மினிபஸ்ஸில் கண்டக்டராக நின்ற மனிதர். ஆனாலும் இந்த ஜெபக்கூடத்தில் பெரியவர்தான் சீடன். அதில் குணசிங்கத்துக்கு வெட்கமில்லை, கொஞ்சம் பெருமைகூட.

பாஸ்டர் கால் முறிந்து யாழ்ப்பாணத்தில் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, நேற்றுத்தான் கிளிநொச்சிக்குத் திரும்பியிருந்தார்.

"எத்தனை நாள் ஜெபிச்சனீங்கள்?"

"நாப்பது. ஒருநேரச் சாப்பாட்டோட. ஆள் மாறி ஆள், இடைவெளி விடாமல்."

"ஏன் அந்த ஆளுக்கு?"

இதைக் கேட்கமாட்டாரா என்றுதான் குணசிங்கம் காத்திருந்தார்.

"மதம் மாறுறதைத் தடுக்கிற சட்டம் கொண்டுவரமாட்டன் எண்டவர். எங்கட கூடங்களைப் பதிஞ்சு தாறன் எண்டவர். போன வருசம் எங்கட கூரைக்குக் கல்லெறிஞ்சவங்கள். ஓடு மாத்தினது நீங்கள்தானே? அந்த மனிசன் இங்க வந்து, இந்த நிலத்தில முழங்கால் போட்டவர்."

"ஆள் விசுவாசியோ?"

"இல்லை. வேதத்தில வாற பாரசீகத்துக் கோரேஸ் ராசாவும் விசுவாசி இல்லைத்தானே. கர்த்தர் அவரை வைச்சு யூதரை ஊருக்கு அனுப்பேல்லையோ?"

கோரேஸ் ராசாவை இழுக்காமல் எங்கள் சபைகளில் ஒரு தேர்தலும் நடந்து முடிந்ததில்லை. பாவம் அந்த மனிதர், எத்தனை வேட்பாளருக்குத்தான் சாட்சி சொல்வார்.

பாஸ்டர் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த கரும்பலகையைப் பார்த்தார்.

வேட்பாளரின் பெயர் அதில் முழநீளத்துக்கு எழுதிக் கிடந்தது. கீழே அவருடைய சின்னம். பெயர் என்னவென்று கேட்காதீர்கள், இந்தக் கதைக்கு அது வேண்டாம்.

"முந்தி இதில என்ன இருந்தது?"

"சபையாற்ற ஜெப விண்ணப்பம். இடம் காணாது எண்டு அழிச்சனான்."

"நீங்களோ?"

"நான்தான்."

"அப்ப நீங்களே திருப்பி எழுதுங்கோ. நாளைக்குப் புதன். ஜெபத்தையும் நீங்கள்தான் நடத்தப்போறீங்கள்."

குணசிங்கம் ஈரத்துணியால் பலகையைத் துடைத்தார். வெண்கட்டியை எடுத்தார். நல்ல கையெழுத்து அவருக்கு.

தங்கராசா, சிறுநீரகம். விமலா, பிள்ளைப்பேறு. அன்ரன், கனடா விசா.

நான்காவதாக, நாகேஸ்வரி அக்காவின் மகன் என்று எழுதினார்.

"அப்பிடி இருக்கேல்லை," என்றார் பாஸ்டர். "பேர் இருந்தது."

வெண்கட்டி பலகையிலேயே நின்றது.

யுத்தத்தின் கடைசி நாட்களில், ஒரு இராணுவச் சோதனைச்சாவடியில், தாயே கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்த பிள்ளை அவன். பதிந்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்களாம். பிறகு பிள்ளை வரவில்லை. ஏழு வருசமாக ஒவ்வொரு புதனும் அந்தப் பெயரை வாய்விட்டு வாசித்தவர் குணசிங்கம்.

"தேர்தலில எத்தனை பேர் நிண்டவை?"

"முப்பத்தொரு பேர்."

"சொல்லுங்கோ."

சொன்னார். பெயர், கட்சி, சின்னம் எல்லாம் தட்டாமல் வந்தன. பதினேழாவது ஆளோடு தானாகவே நிறுத்திவிட்டார்.

"நாக்கு நுனியில நிக்குது பாஸ்டர். முதல் எழுத்தை மட்டும் சொல்லுங்கோ."

"எனக்குத் தெரியும். சொல்லமாட்டன். அவவிட்டப் போய்க் கேளுங்கோ."

"அக்கா நாப்பது நாளாக் கூட்டத்துக்கே வரேல்லை."

"ஏனெண்டு கேட்டனீங்களோ?"

பாஸ்டரின் கண் கலங்கியிருந்தது. ஏசியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

*

நாகேஸ்வரி பஸ் நிலையத்துக்கு முன்னால் கச்சான் கடலை வறுத்து விற்கிறவர். குணசிங்கத்தைக் கண்டதும் தான் இருந்த வாங்கில் ஒதுங்கி இடம் விட்டார்.

"வாங்கோ ஐயா. இருங்கோ."

சூடாக ஒரு பிடி கச்சானை அவர் கையில் வைத்தார்.

"உங்கட ஆள் தோத்திட்டாராம். உங்களுக்குக் கவலையாத்தான் இருக்கும்."

அதில் ஒரு குத்தலும் இல்லை. உண்மையாகவே சொன்னார். குணசிங்கத்துக்குக் கச்சான் கையில் சுட்டது, வைக்க இடம் தெரியவில்லை.

ஒரு பஸ் வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது.

"அக்கா."

"சொல்லுங்கோ."

"பலகையைப் பழையபடி எழுதுறன். உங்கட மகன்ர பேர்..."

"ஓம்."

"எனக்கு மறந்துபோச்சு அக்கா."

நாகேஸ்வரி கச்சான் வறுத்த தாச்சியை மூடினார். கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. வந்தது அதைவிடப் பழைய ஒரு களைப்பு.

"எத்தினையோ பேர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனவை ஐயா. கொழும்பில இருந்து, வெளிநாட்டில இருந்து. ஆர் வந்தாலும் முதல் கேக்கிறது இதைத்தான். மகன்ர பேர் என்ன. பேர் கேக்காத இடம் எனக்கு எங்கட ஜெபக்கூடம் ஒண்டுதான் இருந்தது."

குணசிங்கம் தலை குனிந்தார். அழுகையை மறைக்கக் கைக்குட்டை தேடிச் சட்டைப்பையில் தடவினார். கையில் பேனை வந்தது, வங்கிக்காலத்துப் பேனை. எடுத்துவிட்டார்.

பேனையைக் கண்டதும் நாகேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தார். கையைச் சேலையில் துடைத்து மடியில் சேர்த்து வைத்தார். கச்சான் சரை சுற்றுகிற தாளில் ஒன்றை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

"மகேந்திரம் துவாரகன்," என்றார். குரல் மாறியிருந்தது. "வயது பத்தொன்பது. இடப்பக்கப் புருவத்தில தழும்பு. கடைசியாப் போட்டிருந்தது நீலச் சேட்டு."

குணசிங்கத்தின் கை எழுதவில்லை.

நாகேஸ்வரி சற்றுக் குனிந்து தாளைப் பார்த்தார்.

"கெதியாச் சொல்லிப்போட்டனோ ஐயா? திருப்பிச் சொல்லவோ?"