ஊசி முனையில் சந்தனம்

கீழச்செங்காட்டை ஆண்ட ராஜா வீரமார்த்தாண்டர் எந்தக் காலத்தவர் என்று கேட்காதீர்கள். அவரிடம் சிங்காசனமும் இருந்தது, ரிக்கார்டு பிளேயரும் இருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்தப் பிளேயர்தான் அவர் நிம்மதியைக் கெடுத்தது. எந்த இசைத்தட்டைப் போட்டாலும் தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுகிற சத்தம். "பாட்டுக் கேட்டால் நெஞ்சு கதகதவென்று இருக்க வேண்டாமா? இதைக் கேட்டால் பல் கூசுகிறது!" என்று குமுறினார்.

"கார்ட்ரிட்ஜ் சரியில்லை, மகாராஜா" என்றார் திவான் பூவராகர். ஊசியைத் தாங்கிக்கொண்டு தட்டின் மேல் ஓடுமே, அந்தக் குட்டிப் பெட்டியைத்தான் சொன்னார். சீமையிலிருந்து ஒன்று வரவழைத்தார். கரகர. அதைவிட உசத்தியாக இன்னொன்று வந்தது. அதுவும் கரகர.

ராஜாவின் கோபம் தன் பக்கம் திரும்புவதற்குள் திவான் முந்திக்கொண்டார். "நம் தாண்டவராயருக்குத்தான் சங்கீத ஞானம் அதிகம். அவரே தேர்ந்தெடுக்கட்டுமே!" அரசவை விகடகவி தாண்டவராயர் மேல் அவருக்கு அத்தனை அன்பு!

"சரி. நாளைச் சபையில் இதமாகப் பாடும் கார்ட்ரிட்ஜ் வேண்டும். இல்லாவிட்டால், தாண்டவராயரே, இனி அரண்மனை வாசலை மிதிக்காதீர்" என்றார் ராஜா.

தாண்டவராயர் குனிந்து பிளேயரைப் பார்த்தார். ஊசி முனையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சந்தனம்!

விஷயம் இதுதான். அரண்மனைக்குள் எந்தப் புதுப் பொருள் வந்தாலும் ராஜா தம் கையாலேயே சந்தனப் பொட்டு வைப்பார். கத்திக்கும் வைப்பார், கட்டிலுக்கும் வைப்பார். கார்ட்ரிட்ஜ் வந்தபோதெல்லாம், பாட்டுப் பிறக்கிற இடமாயிற்றே என்று பக்தியோடு ஊசி முனையிலேயே வைத்தார். ராஜா வைத்த பொட்டை அழித்தால் அபசகுனம். ராஜா செய்தது தப்பு என்று சொன்னால், சொன்னவனுக்கு அதைவிட அபசகுனம். பாவம், தாண்டவராயர் என்னதான் செய்வார்!

மறுநாள் சபை கூடியது. தாண்டவராயர் வெறுங்கையோடு வந்தார். திவான் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"கார்ட்ரிட்ஜ் எங்கே?" என்றார் ராஜா.

"அதற்கு முன் அடியேன் ஒரு பாட்டுப் பாட உத்தரவு வேண்டும்."

உத்தரவு கிடைத்தது. தாண்டவராயர் சபையிலிருந்த சந்தனக் கிண்ணத்தில் கைவிட்டு அள்ளினார். நாக்கை நீட்டி, நுனி வரை அப்பிக்கொண்டார். பிறகு கண்ணை மூடி ஆலாபனையை ஆரம்பித்தார்.

"ப்ளா... ழ்வா... க்ஹர்ர்..."

"நிறுத்தும்! என்ன கண்றாவி இது?" ராஜா காதைப் பொத்திக்கொண்டார்.

"வேறு பாடகரை வரவழைக்கலாம், மகாராஜா" என்றார் திவான்.

"பாடகரை ஏன் ஐயா மாற்ற வேண்டும்? முதலில் வாயைக் கழுவச் சொல்லும்! பாடுகிறவனுக்குச் சந்தனத்தை மார்பில் பூசுவார்களா, நாக்கில் பூசுவார்களா?"

தாண்டவராயர் வாய் கொப்பளித்துவிட்டு வந்து கைகட்டி நின்றார். "நாக்கில் பூசக் கூடாதுதான், மகாராஜா" என்றவர், மெல்லத் திரும்பிப் பிளேயரின் ஊசியைப் பார்த்தார்.

ராஜாவும் பார்த்தார். சபையே பார்த்தது.

ராஜா எழுந்தார். ஒரு மயிலிறகை நீரில் நனைத்து, தாமே ஊசியைத் துடைத்து, தட்டைப் போட்டார். திவான் மாற்றச் சொன்ன அதே கார்ட்ரிட்ஜிலிருந்து வீணை நாதம் இதமாக எழுந்து மண்டபத்தை நிறைத்தது. கேட்டவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "என் தப்பை என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டீரே, தாண்டவராயரே!" என்று பொன்னாடை போர்த்தினார். "சபை மரியாதை பாக்கி இருக்கிறதே!" என்று சந்தனக் கிண்ணத்தோடு கிட்டே வந்தார்.

தாண்டவராயர் மார்பை நிமிர்த்திக் காட்டினார். வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டார்.