அஞ்சாமைக்கு ஒரு பதக்கம்

கேட்டு முடித்ததும் பதில் சொல்லியாக வேண்டிய கதை இது. பாதியில் கொட்டாவி விடுகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

போர் நடந்த காலத்தில், கடலோரப் பட்டணம் ஒன்றில் ஒரு டெலிபோன் ஆபீஸ் இருந்தது. நீளமான ஒற்றை அறை. உள்சுவரை ஒட்டி ஊர் இணைப்புகளுக்கான பலகை. அதன் முன் உட்காருகிறவள் ஞானசுந்தரி. தெருவாசலை ஒட்டித் துறைமுக இணைப்புகளுக்கான பலகை. அதன் முன் உட்காருகிறவள் ரூபாவதி. யாராவது கூப்பிட்டால், பலகையில் அவருடைய எண்ணுக்கு மேலுள்ள சின்ன மூடி ‘டக்’கென்று விழும். இணைப்புக் கயிற்றை அந்த எண்ணின் துளையில் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, அவர்களுக்கு மணியடித்து இணைத்துவிட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஞானசுந்தரி ஒரு பயந்தாங்கொள்ளி. நான் பழி போடவில்லை, கேட்டால் அவளே சொல்லுவாள். இடி இடித்தால் போர்வைக்குள் போய்விடுவாள். சுவரில் பல்லி இருந்தால் அது நகரும்வரை அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டாள்.

ஒருநாள் பட்டப்பகலில் எதிரி விமானங்கள் வந்தன. அபாயச் சங்கு அலறியது. சங்கு ஊதினால் போட்டது போட்டபடி பதுங்குகுழிக்குப் போய்விடலாம் என்று அரசாங்க உத்தரவே இருந்தது. டெலிபோன் பெண்களுக்கும் அது பொருந்தும். முதல் குண்டு துறைமுகத்தில் விழுந்தது. அறை குலுங்கி, மேலேயிருந்து காரை உதிர்ந்தது.

"ஏட்டி, எந்திரி! ஓடிருவோம்!" என்று கத்திவிட்டு, ரூபாவதி கதவைத் திறந்து போட்டபடி ஓடினாள்.

ஞானசுந்தரிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "யேசப்பா, யேசப்பா" என்பதைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. துறைமுகப் பலகையில் மூடிகள் விழத் தொடங்கின.

"ஆஸ்பத்திரியக் குடுங்கம்மா! சீக்கிரம்!" என்றது ஒரு குரல். அந்தப் பலகையில் கேட்டு, இந்தப் பலகையில் மணியடித்து, இணைத்துக் கொடுத்தாள். இன்னொரு குரல் தீயணைப்பு வண்டி கேட்டது. அதையும் கொடுத்தாள். ஒவ்வொரு குண்டுக்கும் வீறிட்டுக் கத்தினாள். கத்திவிட்டு அடுத்த மூடியைப் பார்த்தாள். விமானங்கள் போன பிறகு மேலதிகாரி வந்து பார்த்தபோது, ஊர்ப் பலகையின் முன் தன் நாற்காலியில் அழுதுகொண்டிருந்தாள். பிடித்திருந்த கயிற்றை அவள் கையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வண்டிகள் நேரத்தோடு போனதால் அன்று பலர் பிழைத்தார்கள்.

சில மாதங்கள் கழித்து அரசாங்கம் அறிவித்தது: போரில் அஞ்சாமல் தொண்டு செய்த பொதுமக்களுக்குப் பதக்கம், ஊருக்கு ஒன்று. இந்தப் பட்டணத்திலிருந்து மூன்று பெயர்கள் கலெக்டரிடம் போயின. அவற்றில் ஞானசுந்தரியின் பெயரும் ஒன்று.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரே மைதானத்தில் கூடியிருக்க, ‘அஞ்சாமை’ என்று பொறித்த பதக்கத்தைத் தன் நெஞ்சில் குத்துவார்கள். கூட்டத்தில் ரூபாவதி நிற்பாள். அவளுக்குத் தெரியாதா இவள் லட்சணம்? கலெக்டர் விசாரணைக்குக் கூப்பிட்ட அன்றும் "யேசப்பா, யேசப்பா" என்றபடியேதான் போனாள்.

கலெக்டர் முதலில் மில்காரர் குழந்தைவேலுவைக் கேட்டார். மின்சாரம் நின்று சங்கு ஓய்ந்தபோது, மில்லின் மொட்டைமாடியில் ஏறி, வெட்டவெளியில் நின்று, கைப்பிடியால் இயங்கும் அபாயச் சங்கைச் சுற்றியவர் அவர்.

"பயமா? எனக்கா?" என்று சிரித்தார். "எம்பது வயசு வரைக்கும் ஒரு கீறல்கூட விழாதுன்னு என் ஜாதகத்துல இருக்குங்க. வேடிக்கை பாத்துக்கிட்டேதான் சுத்தினேன்."

அடுத்தவர் தோணிக்காரர் மிக்கேல். தீப்பிடித்த கிடங்குக்குள் திரும்பத் திரும்பப் புகுந்து ஆட்களை வெளியே இழுத்துப் போட்டவர். கையெல்லாம் தழும்பு.

"எந் தம்பி உள்ள கெடந்தான்யா. பொகையில மொகம் தெரியல. கையில கெடச்சவன எல்லாம் இழுத்துப் போட்டேன். கடைசியா அவன் கெடச்சான். அதுக்கப்புறம் நான் உள்ள போவல."

ஞானசுந்தரியின் முறை வந்தது. அவள் எழுந்து கைகூப்பினாள்.

"என் பேரை அடிச்சிருங்கய்யா. நான் தைரியமா உக்காந்திருக்கல. பயத்துல காலே அசையல. வாசல் வரைக்கும் போக முடிஞ்சிருந்தா நானும் ஓடித்தான் போயிருப்பேன்."

மனதறிய அவள் பொய் சொல்லவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். பயமே அறியாதவர் ஒருவர், தம்பிக்காக நெருப்பில் இறங்கியவர் ஒருவர், தனக்கு வேண்டாமென்று கும்பிடுகிறவள் ஒருத்தி. அஞ்சாமைப் பதக்கம் இவர்களில் யாருக்குச் சேர வேண்டும்?

கலெக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "துறைமுகப் பலகை அறையில் எந்தப் பக்கம் இருக்கிறதம்மா?" "வாசப் பக்கத்துலய்யா" என்றவள், குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். அசையாத கால்களோடா ஒவ்வொரு அழைப்புக்கும் வாசலுக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள்? கதவு திறந்து கிடந்தது, ஓடிப்போக அனுமதியும் இருந்தது. அடக்கி ஜெயிப்பதற்குக் குழந்தைவேலுவிடம் பயம் என்ற ஒன்றே இல்லை. மிக்கேலை இழுத்தது தம்பி. கம்பியின் மறுமுனையில் ஞானசுந்தரிக்கு வேண்டியவர்கள் யாருமில்லை. இருந்ததெல்லாம் பயம் மட்டும்தான், அதோடுதான் அவள் வேலை பார்த்தாள். ஆகவே பதக்கம் அவளுக்கே என்றார் கலெக்டர். ஆனால் அதைக் கேட்டு அவள் சந்தோஷப்படவில்லை. "அப்போ அன்னைக்கு நான் நெனச்சிருந்தா ஓடியிருக்கலாமாய்யா?" என்று கேட்டு, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். குண்டு விழுந்த அன்றுகூட அவள் அவ்வளவு பயப்படவில்லை.