வெறுங்குழாயில் வந்த கூட்டம்

“மேடம், ஒண்ணுமே போடாத சோதனைக் குழாயிலயும் அது வந்து நிக்குது,” என்றார் அருளப்பன்.

மெஹர்பானு நிமிர்ந்தார். அந்த ஆய்வுக்கூடத்தில் அருளப்பனுக்கு அவர்தான் குரு. வயதில் சீடரைவிட இளையவர்.

“எது?”

“சிவப்புக் கூட்டம்.”

அருளப்பன் கல்லூரி வேலையை உதறிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். தம்பி சவரிமுத்துவின் தசைகள் காரணம் தெரியாமல் கரைந்துகொண்டிருந்தன. காரணத்தைத் தானே கண்டுபிடிப்பதென்று கிளம்பிவிட்டார். பாசம் யாரை விட்டது?

உடம்பில் புரதங்கள் தனியாக வேலை செய்வதில்லை, கூட்டாளிகளோடுதான். குழாயில் இருக்கிற புரதங்களைக் கருவி கண்டெடுக்கும்; அவற்றில் எது எதோடு ஒட்டுகிறது என்பதை வலையாக வரைந்து கொடுத்தால், கணினி அதைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து நிறம் பூசித் தரும். ஒரு கூட்டத்துக்கு ஒரு வேலை. மெஹர்பானுவிடம் ஒரு விதி உண்டு: எல்லாக் குழாய்களையும் பிரித்து முடிக்கும்வரை புரதங்களின் பெயரைப் பார்க்கக் கூடாது. பெயர் தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும்.

தம்பியின் தசைத் துணுக்கில் சிவப்புக் கூட்டம் பெரிதாக இருந்தது. கிடைத்துவிட்டது என்று அருளப்பன் வீட்டுக்குச் சொல்லியும் விட்டார். பிறகு நோயில்லாதவர்களின் தசையில் பார்த்தார். அங்கேயும் இருந்தது, சற்றுச் சின்னதாக. ஆட்டு ஈரலிலும் இருந்தது, எல்லாப் பந்தியிலும் உட்காருகிற ஆளைப் போல. கடைசியில் வெறும் தண்ணீரைக் கருவியில் ஓட்டிப் பார்த்தார். அதிலும்.

“பயமா இருக்கு மேடம். உயிரே இல்லாத இடத்துல அது எப்படி வரும்? நான் எங்க போனாலும் எனக்கு முன்னாடி போய் உக்காந்திருக்கு.”

“தம்பியோட குழாயில மட்டும் ஏன் பெருசா இருக்கு?”

“அதான் நோய்னு நெனச்சேன்.”

“அந்தக் குழாயை எப்படிப் பாப்பீங்க?”

“கிட்டக்கத்தான். தம்பியாச்சே. அடிக்கடி மூடியத் தொறந்து குனிஞ்சு பாத்துக்குவேன்.”

மெஹர்பானு எழுந்து வந்தார். மேசையிலிருந்த செல்லோ டேப்பில் ஒரு துண்டைக் கிழித்தார். கையை நீட்டச் சொல்லி, கையுறைக்கு மேலே வெறுமையாகத் தெரிந்த மணிக்கட்டில் அதை ஒட்டி உரித்தெடுத்தார். டேப்பில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

“இதையும் ஓட்டிப் பாருங்க.”

கருவி ஓடியது. கணினி பிரித்தது. திரை முழுக்கச் சிவப்பு. வேறு நிறமே இல்லை.

அருளப்பன் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“பேரைப் பாக்கலாமா மேடம்?”

“பாருங்க.”

பார்த்தார். தோலில் உதிர்வது. முடியில் உதிர்வது. வியர்வையில் வருவது.

அழுதார். அத்தனை பேர் வேலை செய்யும் கூடத்தில் வெட்கம்கூட வரவில்லை.

“தம்பி ஒடம்புல நான் கண்டுபிடிச்சது என்னையத்தானா? வீட்டுக்கு இப்ப என்ன சொல்லுவேன்?”

மெஹர்பானு சவரிமுத்துவின் வலையைத் திரைக்குக் கொண்டுவந்தார். சிவப்புக் கூட்டத்தை மொத்தமாக நீக்கிவிட்டு, மறுபடி பிரிக்கச் சொன்னார்.

திரை கறுத்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு எல்லாத் தசையிலும் இருக்கும் கூட்டங்கள் வந்தன. அவற்றின் ஓரத்தில், இதுவரை யாருடைய தசையிலும் தென்படாத சின்னக் கூட்டம் ஒன்று மெல்ல நிறம் கொண்டது.

“யாரு மேடம் இது?”

“தெரியல,” என்றார் மெஹர்பானு. “இத்தனை நாளும் உங்களுக்குப் பின்னாலதான் நின்னுட்டிருந்திருக்கு.”