நுரை வழித்த துணி

மலையடிவாரத்தில் வைத்தியசாலை நடத்திவந்த அங்கயற்கண்ணியம்மாவிடம் சீடராகச் சேர்ந்தபோது, திருமேனிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. திருமேனி தமிழாசிரியர் வேலையை உதறிவிட்டு வந்தவர். வைத்தியப் பாட்டையெல்லாம் தலைகீழாக ஒப்பிப்பார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

நோயாளியின் விடிகாலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். எண்ணெய் பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். அதற்கு முன்னால் நீரின் நிறம், மணம், நுரை, எடை, அடியில் தங்குவது என்று ஐந்தையும் பார்க்க வேண்டும். அதற்கான பாட்டும் திருமேனிக்கு மனப்பாடம்தான்.

அன்று குரு மூலிகை பறிக்கப் போயிருந்தார். பூவாயி என்ற பெண் நான்கு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். கையில் பிள்ளையின் சிறுநீர் இருந்த ஒரு பாட்டில்.

"பிள்ளைக்குச் சோறு இறங்க மாட்டேங்குது ஐயா. ஆனா இப்பத்தான் கன்னம் வச்சிருக்கு. ஊரே கண்ணு போடுது."

"ஆமாம்மா, கொழுகொழுன்னு நல்லாத்தான் இருக்கா" என்றார் திருமேனி.

நீரைக் கிண்ணத்தில் ஊற்றினார். வெள்ளை வெளேரென்று நுரை எழுந்தது. பொறுத்துப் பார்த்தார், அடங்குவதாக இல்லை. எண்ணெய்ச் சொட்டு அதில் மாட்டிச் சிதறியது. இதென்ன இடைஞ்சல் என்று எரிச்சலோடு ஒரு துணியை எடுத்து நுரையை வழித்தார். மிச்சத்தையும் வழித்தார். தெளிந்த நீரில் மறுபடி விட்டதும் எண்ணெய் அழகான முத்தாக நின்றது.

"கபம்" என்றார். சூரணம் கொடுத்து அனுப்பினார்.

அவள் தெருமுனை தாண்டியிருப்பாள், குரு வந்துவிட்டார். திருமேனிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அம்மா, நீர்க்குறி பார்க்கிறது எனக்குக் கைவந்துடுச்சுன்னு சொல்லலாமா? இன்னைக்கு ஒரு குழந்தைக்கு முத்து அப்படி நின்னுச்சு!"

குருவின் பார்வை மேசைமேல் கிடந்த துணிக்குப் போனது. "இது ஏன் ஈரமா இருக்கு?"

"நுரை அம்மா. வழிச்சு எடுத்துட்டுத்தான் பார்க்க முடிஞ்சது."

"அடங்கலையா?"

"எங்கே! வழிக்க வழிக்க நின்னுச்சு."

குருவின் முகம் வெளிறியது. மூலிகைக் கூடை கையிலிருந்து விழுந்தது. செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினார். ஒன்றும் புரியாமல் திருமேனியும் பின்னால் ஓடினார்.

பூவாயி பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தாள். குரு நேரே அவளிடம் போனார். குழந்தையின் காலைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்தார்.

குழி அப்படியே நின்றது.

"ஐயோ!" பூவாயி அலறினாள். "சதை போட்டிருக்குன்னுல்ல நினைச்சேன்!"

"சதை இல்லம்மா, நீர் கோத்திருக்கு. சிறுநீரகம் கெட்டு, உடம்புல இருக்க வேண்டிய சத்தெல்லாம் மூத்திரத்துல போகுது. அதான் அத்தனை நுரை. வா, பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

திருமேனி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். குரு நிறுத்திய ஆட்டோ மூவரையும் ஏற்றிக்கொண்டு போன பிறகும் அவரால் அங்கிருந்து நகர முடியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் குரு தனியாகத் திரும்பினார்.

"அம்மா, குழந்தை..?"

"சேர்த்துட்டாங்க. டாக்டர் ஒரு பரிசோதனைக் காகிதப் பட்டையைப் பிள்ளையோட நீர்ல நனைச்சார். மஞ்சளா இருந்தது கரும்பச்சை ஆயிடுச்சு, அவ்வளவு சத்து வெளியே போகுதாம். மருந்துக்குக் கேட்கும்னு சொல்றாங்க. உங்க சூரணத்தை நம்பி இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தா..."

 திருமேனி கைகூப்பினார்.

"மன்னிக்கணும் அம்மா. நுரையைக் கவனிக்காம விட்டுட்டேன்."

குரு மேசையிலிருந்த துணியை எடுத்தார். அது காய்ந்து விறைத்திருந்தது. அதைத் திருமேனியின் கையில் வைத்தார்.

"கவனிக்காமலா ஐயா வழிச்சீங்க?"