உப்புப் படுகையில் ஒரு வெள்ளை ஜீப்

அவுஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் துஷ்யந்தி. அவளிடம் படிக்க வந்தவர் குகதாசன். சிட்னியில் பல் வைத்தியர். அவளைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் முதல் நாளிலிருந்து அவளை ரீச்சர் என்றுதான் கூப்பிட்டார். அவள் அவரை அண்ணை என்றாள்.

அவளுடைய ஜீப் முன்னால் போகும். அவருடையது பின்னால் வரும். பேசிக்கொள்ள ஆளுக்கொரு வோக்கிடோக்கி.

அன்று காலை ஒரு பெரிய மணல்மேடு வந்தது. துஷ்யந்தி ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டாள். குகதாசன் வேகம் குறையாமல் ஏறிக்கொண்டிருந்தார். உச்சி தெரிகிற நேரத்தில், பின்னாலிருந்து ஒரு வெள்ளை ஜீப் வந்தது. பாதையை விட்டு விலகி, மேட்டின் விலாவைக் கிழித்துக்கொண்டு ஏறி, அவருக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தது.

அவர் பிரேக்கை மிதித்தார். ஜீப் நின்றது. பிறகு பின்னோக்கிச் சரியத் தொடங்கியது.

"ரீச்சர், பின்னுக்குப் போகுது!"

"ஸ்டியரிங்கை ஒடிக்காதேங்கோ. பக்கவாட்டில திரும்பினால் உருளும். நேர பின்னுக்கு விடுங்கோ."

நேரே விட்டார். ஜீப் அடிவாரத்தில் வந்து நின்றது. மேலே, உச்சியில், வெள்ளை ஜீப்பின் கண்ணாடி இறங்கியது. ஒரு கை வெளியே வந்து நடுவிரலைக் காட்டியது. பிறகு மறைந்துவிட்டது.

"கண்டனீங்களோ ரீச்சர்? என்னைக் கொல்லப் பாத்திட்டு விரலைக் காட்டிறான்!"

"எனக்கும் கொதிக்குது அண்ணை. ஏறி வாங்கோ."

மதியம் பாதை ஒரு உப்புப் படுகையைச் சுற்றி வளைந்தது. மேலே பார்க்கக் காய்ந்த வெள்ளை ஓடு. கீழே சேறு. துஷ்யந்தி வளைவைத் தாண்டிப் போய்விட்டாள். வெள்ளை உப்பில் வெள்ளை ஜீப் அவளுடைய கண்ணில் படவில்லை.

குகதாசன் கண்டார். குறுக்கு வழி பார்த்த அந்த ஜீப் படுகையின் நடுவில் வயிறு வரை புதைந்து கிடந்தது. துஷ்யந்தியின் ஜீப் சத்தம் கேட்டுத்தான் போலும், ஒருவன் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றியபடி ஓடி வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண்.

குகதாசனின் கை வோக்கிக்குப் போனது. தொட்டது. பிறகு ஸ்டியரிங்குக்கே திரும்பி வந்தது. அக்ஸிலரேட்டரை மிதித்தார். பின்கண்ணாடியில் தூசிதான் தெரிந்தது.

வெயில் சாயுமுன்னே கூடாரம் அடிக்க நின்றார்கள். துஷ்யந்தி தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தாள். குகதாசன் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

"கடவுள் எண்டு ஒருத்தர் இருக்கிறார் ரீச்சர். அந்த வெள்ளை ஜீப் உப்புக்குள்ள தாண்டுபோய் நிக்குது."

"எங்க?"

"அந்த வளைவில. என்னைக் கண்டு சட்டையைக் கழட்டிச் சுழட்டிச் சுழட்டிக் காட்டினான்."

"நிண்டனீங்களோ?"

"நான் ஏன் நிக்கவேணும்?"

"எத்தினை பேர்?"

"ரெண்டு பேர். ஒரு பொம்பிளையும் நிண்டது. இப்ப ரெண்டு மணித்தியாலம் இருக்கும். நல்லாக் காயட்டும். அப்பதான் படிப்பான்."

துஷ்யந்தி எழுந்தாள். அவருடைய ஜீப்பின் பின்கதவைத் திறந்து, தண்ணீர்க் கான் இரண்டையும் இழுத்துத் தன்னுடைய ஜீப்புக்குள் எறிந்தாள். அவருடைய இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த போத்தலையும் எடுத்தாள். திரும்பி வந்து, சட்டை நுனியால் பிடித்து, அடுப்பில் இருந்த கேத்தலையும் தூக்கினாள்.

"நான் வரமாட்டன்," என்றார் குகதாசன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எனக்குத் தண்ணி?"

கதவை அறைந்து சாத்தினாள். வந்த வழியே ஜீப் பறந்தது.

குகதாசன் வாய்விட்டு ஏசினார். கேட்க ஆளில்லை என்பதால் இன்னும் உரத்து ஏசினார். "என்ர மகளின்ர வயசு. எனக்குப் பாடம் படிப்பிக்கிறா. என்னை உருட்டிவிடப் பாத்தவனுக்கு என்ர தண்ணி!" வீம்புக்குப் பாண் ரொட்டியை எடுத்து, வீட்டிலிருந்து கட்டிவந்த கருவாட்டுச் சம்பலோடு தின்றார். தின்று முடிந்த பிறகுதான் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது.

ஜீப்பின் நிழலில் உட்கார்ந்தார். நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார். வாயோரத்தில் ஈ மொய்த்தது. வந்து ஏசுவாள், ஏசட்டும், இப்படிச் சொல்வேன், அதற்கு இப்படிச் சொன்னால் அப்படிச் சொல்வேன் என்று பதில்களை அடுக்கி வைத்தார். பிறகு துப்பிப் பார்த்தார். எச்சில் வரவில்லை.

பொழுது சாய அவள் திரும்பி வந்தாள்.

பின் இருக்கையில் அந்தப் பெண் கிடந்தாள். நெற்றியில் ஈரத்துணி. ஒரு காலில் சப்பாத்து இல்லை. பாதம் கொப்பளித்திருந்தது. அந்த மனிதன் முன்கதவால் இறங்கி நேரே குகதாசனிடம் வந்தான். உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. ரோவன் என்று பெயர் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"காலையில் நான் செய்தது பெரிய பிழை," என்றான் ஆங்கிலத்தில். "வழி முழுக்க துஷ்யந்தி என்னை ஏசிக்கொண்டு வந்தார். ஏசத்தான் வேண்டும். மன்னித்துவிடுங்கள்."

குகதாசன் கையை இழுத்துப் பார்த்தார். ரோவன் விடவில்லை.

"உங்களைப் பார்த்துத்தான் நாங்கள் கத்தினோம். அவ்வளவு தூசியில் உங்களுக்கு எப்படித் தெரியும்? கண்டிருந்தால் நின்றிருப்பீர்கள். பின்னால் கிடக்கிற ஜில்தான் என் சொல் கேட்கவில்லை. உங்கள் வண்டி பக்கத்தில்தான் நிற்கும் என்று உங்கள் ரயர் தடத்தைப் பிடித்து நடந்துவிட்டாள். அந்தத் தடத்திலேயே விழுந்து கிடந்தாளாம்."

குகதாசன் பின் இருக்கையைப் பார்த்தார். கொப்பளித்த பாதத்தைப் பார்த்தார்.

"நான் கண்டேன்," என்றார்.

"என்ன?"

"தூசி இல்லை. உங்கள் இரண்டு பேரையும் நன்றாகக் கண்டேன். கண்டுகொண்டுதான் போனேன்."

ரோவனின் கை விலகியது. அடுத்த கணம் அதே கை அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்து ஜீப்போடு சேர்த்து அழுத்தியது. குகதாசன் கையைத் தூக்கவில்லை. ரோவன் மூச்சு வாங்கினான். அடிக்கவும் இல்லை, விடவும் இல்லை. உள்ளே ஜில் முனகினாள். அவரைத் தள்ளிவிட்டு அவளிடம் ஓடினான்.

துஷ்யந்தி சற்றுத் தள்ளி நின்று கான்களை இறக்கிக்கொண்டிருந்தாள். குகதாசன் அவளிடம் போனார்.

"எப்பிடி இருக்கிறா?"

"சற்றலைற் போனில டொக்டரோட கதைச்சிட்டன். விடிய விமானம் வரும். பிழைப்பா."

"அவனை எப்ப ஏசினீங்கள்?"

"அவன் தண்ணி குடிச்சு முடிச்சாப்பிறகு."

அவர் காத்து நின்றார். அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அடுக்கி வைத்த பதில்கள் ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

"ரீச்சர், என்னை ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

அவள் கானைத் திறந்து ஒரு கோப்பை நிறைய வார்த்தாள். கோபத்தோடு அவரிடம் நீட்டினாள். தண்ணீர் விளிம்பில் தளும்பியது.

"பிடியுங்கோ," என்றாள். "முதல் குடியுங்கோ."