காட்டுப்பன்றிக்குக் கிடைத்த மாலை

ஓர் ஏரிக்கரையில் விலங்குகள் ஊர் அமைத்து வாழ்ந்தன. அங்கே ஒரே ஒரு வழக்கம்தான். தண்ணீர் குடித்தவர் ஒரு வாய் வண்டலை எடுத்துக் கரைமேல் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் ஏரி ஆழமானது, கரை உயர்ந்தது. கோடையிலும் தண்ணீர் வற்றாததால் பக்கத்துக் காட்டு விலங்குகளெல்லாம் வந்து குடியேறின. சந்தை கூடியது. ஊர் பட்டினமாகப் பெருத்தது.

பெருத்த பிறகு சும்மா இருக்க முடியுமா? தலைவரான யானை, வேண்டியவர்களுக்குத் தாமரை மாலை போட ஆரம்பித்தது. மாலை வாங்கியவர் மண் சுமக்க வேண்டாமாம்! மயில் ஆடி வாங்கியது. கரடி தேன் கொடுத்து வாங்கியது. நரியைக் கேட்கவே வேண்டாம், காதருகே நின்று புகழ்ந்தே வாங்கிவிட்டது. நாளடைவில் மண் சுமப்பதே கேவலம் என்றாகிவிட்டது.

கடைசியில் மண் சுமக்க மிஞ்சியவன் சேந்தன் என்ற காட்டுப்பன்றி மட்டுமே. கரைக்குக் கீழே புதரில் அவன் மனைவியும் குட்டிகளும் இருந்தார்கள். ஒருநாள் கடைக்குட்டி அழுதுகொண்டு வந்தது. அப்பா மூக்கில் எப்போதும் சேறு என்று ஊரே கேலி செய்கிறதாம். சேந்தனுக்கு மனசு பொறுக்கவில்லை. நேரே யானையிடம் போனான்.

"ஆயுசு முழுக்க மண் சுமந்தாச்சு, ஐயா. எனக்கும் ஒரு மாலை போடுங்க."

"நீயும் விட்டுட்டா கரையை யார் பார்ப்பா?" என்று யானை தயங்கியது.

"இத்தனை பேர் விட்டு என்ன ஆச்சு?" என்றது நரி.

சேந்தன் கழுத்தில் மாலை விழுந்தது.

ஐப்பசி மழை கொட்டியது. நண்டு வளை அளவு ஓட்டை வழியே கரையில் நீர் கசிவதைச் சேந்தன் பார்த்தான். ஒரு வாய் மண் போதும். மூக்கைத் தாழ்த்தினான். மாலை வாங்கியவன் சேற்றைத் தொட்டால் ஊர் சிரிக்காதா? வேறு யாராவது வரட்டும் என்று நின்றான். யார் வருவார்கள்? எல்லாரும்தான் மாலை வாங்கிவிட்டார்களே.

கண்ணெதிரே கரை பிளந்தது! வெள்ளம் புதரை அப்படியே வாரிக்கொண்டு போனது. சேந்தன் திகைத்துப் போனான். மேட்டுக்கு ஓடினான். மனைவி நனைந்த குட்டிகளை அணைத்தபடி நின்றாள்.

"கடைக்குட்டி எங்கே?"

"நீங்கதானே கரைமேல நின்னீங்க?" என்றாள் அவள்.

ஏரி போனதும் சந்தை கலைந்தது. யானை உட்பட எல்லாரும் வேறு காடு தேடிப் போனார்கள். பட்டினம் இருந்த இடத்தில் முள் முளைத்தது. சேந்தன் மட்டும் வறண்ட கரைமேல் மண் தள்ளிக்கொண்டே இருந்தான்.

தன்னை வாழவைக்கும் வேலையை இழிவென்று ஒதுக்கும் ஊர், எவ்வளவு உயர்ந்தாலும் நிலைக்காது.